விலையோடு ஒரு தேதியும் சொல்லுங்கள்: ஏபிஐ, கிளவுட் நிறுவனங்களில் விலை வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. விலைப்பக்கத்தில் அந்த விலையை வைத்தவர்களின் பெயரைப் போடும் வழக்கம் எங்கும் இல்லை. ஆனாலும் உங்கள் அட்டவணையில் ஒரு எண் மாறினால் எங்களுடைய அடுத்த ஆறு மாத வேலை மாறிவிடுகிறது. அப்படிப் பார்த்தால், எங்கள் தொழிலில் எங்களுக்கு அடுத்தபடியாக முடிவெடுப்பவர்கள் நீங்கள்தான். அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேர். பில், ரசீது, ஒப்பந்தம் மாதிரியான தாள்களின் படத்தை அனுப்பினால், அதிலுள்ள தேதி, தொகை, வரி, பெயர் எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்கான டேட்டாவாகத் திருப்பித் தரும் ஒரு ஏபிஐயை (ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை கேட்டு வாங்கும் வழி) நடத்துகிறோம். கணக்கு மென்பொருள் செய்கிறவர்கள் அதற்குப் பணம் கட்டி, தங்கள் மென்பொருளுக்குள் இணைத்துக்கொள்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் பகுதி எங்களுடையது இல்லை. அது ஒரு பெரிய நிறுவனத்தின் ஏபிஐ. படங்கள் இருப்பது இன்னொரு நிறுவனத்தின் கிளவுடில், அதாவது அவர்கள் வாடகைக்கு விடும் சர்வர்களில். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எங்கள் சரக்கு: எந்த எண் மொத்தம், எது வரி, எது வெறும் தொலைபேசி எண் என்று தப்பில்லாமல் கண்டுபிடிப்பது. கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது.

ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. எழுத்துப் படிக்கும் ஏபிஐயின் திட்டங்களை எளிமையாக்குகிறோம் என்று ஆரம்பித்து, நான்காவது பத்தியில் புதிய விலை இருந்தது. எங்கள் அளவுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது பழைய விலையைப் போல் நான்கு மடங்கு. 30 நாளில் அமல். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. உங்களில் பலருடைய விதிமுறைகளில் அதே 30 நாள்தான் இருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நாங்களும் ஒப்புக்கொண்டோம். அது எங்கள் பொறுப்பு.

அன்று மாலை நானும் என் கூட்டாளியும் உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளர் எங்கள் ஏபிஐயை ஒரு முறை அழைத்தால் உள்ளே என்னவெல்லாம் நடக்கிறது என்று வரிவரியாக எழுதினோம். படத்தை வாங்கி கிளவுடில் வைக்க ஒரு செலவு. வேலை வரிசையில் சேர்க்க ஒன்று. எழுத்தைப் படிக்கப் பக்கத்துக்கு ஒரு கட்டணம். மூன்று பக்கம் என்றால் மூன்று கட்டணம். படம் கோணலாக இருந்தால் நிமிர்த்தி மறுபடி அனுப்புவோம், அதற்குத் தனி. விடையை வாடிக்கையாளரின் சர்வருக்கு அனுப்ப, டேட்டா கிளவுடை விட்டு வெளியேறும் கட்டணம். அந்த நேரம் அவர்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால் ஐந்து முறை வரை திரும்ப முயல்வோம். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவருக்கு ஒரே அழைப்பு, ஒரே விலை. இந்தப் பட்டியலில் மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் எழுத்துப் படிக்கும் கட்டணத்தில் கால்வாசிகூட வராது. அந்த ஒன்றுதான் நான்கு மடங்கு ஆகியிருந்தது.

மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களிடம் விலையை ஏற்றலாம். கோபித்துக்கொள்வார்கள், சிலர் போய்விடுவார்கள், வியாபாரத்தில் அது சகஜம். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியவர்கள். இந்த வருடம் முழுக்க இந்த விலைதான் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். ஒரு வருட வாக்கை ஒரு 30 நாள் வாக்கின் மேல் கட்டியிருக்கிறோம் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. கீழே இருக்கும் வாக்கு சின்னதாக இருந்தால் மேலே எவ்வளவு பெரிய வாக்கும் கொடுக்க முடியாது. இந்த மடலில் நான் கேட்கப்போவது எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்து வருவதுதான்.

விலையை ஏற்றவே கூடாது என்று நான் கேட்கவில்லை. நானும் ஏபிஐ விற்கிறவன். மின்சாரம், சர்வர், இரவில் எழுந்து கோளாறைச் சரிசெய்யும் ஆட்கள், மிரட்டும் அளவுக்கு விலை ஏறிய ஜிபியூக்கள் (செயற்கை நுண்ணறிவை ஓட்டும் சிப்புகள்) எல்லாவற்றுக்கும் நீங்கள் பணம் கட்டியாக வேண்டும். இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்து ஒரு நாள் கடையை மூடிவிடும் நிறுவனத்தைவிட, ஒழுங்காகக் காசு வாங்கிக்கொண்டு பத்து வருடம் இருக்கும் நிறுவனம் எனக்கு மேல். என்ன விலை என்பது உங்கள் உரிமை. எப்போதிலிருந்து என்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது.

2023-ல் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் விஷயத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏபிஐக்குக் கட்டணம் வரப்போகிறது என்று ஏப்ரலில் சொன்னார்கள். எவ்வளவு என்பது வெளியே தெரிந்தபோது மே 31. அமலாகும் தேதி ஜூலை 1. 1,000 அழைப்புக்கு 24 சென்ட் என்பது தனியாகப் பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் ரெடிட்டைப் படிக்க உதவும் அப்பல்லோ என்ற செயலியை நடத்திவந்த கிறிஸ்டியன் செலிக், தன் பயனாளர்களின் அளவுக்கு அது ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகிறது என்று கணக்கு வெளியிட்டார். அவரும் ஆண்டுச் சந்தா விற்றிருந்தவர். ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான ரெடிட் சமூகங்கள் கதவைச் சாத்தி எதிர்ப்புக் காட்டின. ஜூன் 30 அன்று அப்பல்லோ நின்றுபோனது. அந்த விலை நியாயமா, அநியாயமா என்று ஊரே பேசியது. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது அந்த ஒரு மாதம்தான். ஒரு வருட அவகாசம் இருந்திருந்தால் சந்தாவை மாற்றியிருக்கலாம், அழைப்புகளைக் குறைக்கும்படி நிரலை மாற்றி எழுதியிருக்கலாம், செயலியைக் கட்டணச் செயலியாக்கிப் பார்த்திருக்கலாம். ஒரு மாதத்தில் செய்ய முடிந்தது மூடுவது மட்டும்தான்.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் எழுத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதை இலவசமாக அனுமதிக்க முடியாது என்று ரெடிட் சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது. அப்புறம் 2024-ல் கூகுளோடு முறையாக ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் மொத்தமாக அள்ளுகிறவரும், ஒரு பயனாளரின் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டுகிறவரும் ஒரே வேலையைச் செய்யவில்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் லாபநோக்கற்ற செயலிகளுக்கு விலக்கு தருவதாக ரெடிட் சொன்னதே எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான். முதல் நாளே அந்தப் பிரிவு விலைப்பட்டியலில் இருந்திருக்க வேண்டும். உங்கள் ஏபிஐயை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது உங்கள் லாக்குகளில், அதாவது பயன்பாட்டுப் பதிவுகளில் இருக்கிறது. விலை வைப்பதற்கு முன்னால் அதை ஒரு முறை திறந்து பாருங்கள்.

வெளியாட்கள் உங்களுக்குச் செய்துகொடுத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ரெடிட் 2014-ல் ஏலியன் புளூ என்ற செயலியை வாங்கியது. அது ஏபிஐயை வைத்து வெளியாள் ஒருவர் எழுதியது. ட்விட்டருக்கு ஒரு பறவையை முதலில் சின்னமாக வைத்தது 2007-ல் வந்த ட்விட்டரிஃபிக் என்ற வெளியார் செயலி. ட்வீட் என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததும் அதன் வழியாகத்தான். திரையைக் கீழே இழுத்தால் புதுப்பிக்கும் அசைவை இன்று உலகமே பயன்படுத்துகிறது. அது லோரன் பிரிக்டர் எழுதிய ட்வீட்டி செயலியில் பிறந்தது. அந்தச் செயலியை 2010-ல் ட்விட்டர் வாங்கித் தன் அதிகாரபூர்வ செயலியாக ஆக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே ட்விட்டரிஃபிக்கின் இணைப்பு ஒரு நாள் இரவு முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அறுந்தது. விதிமுறையில் அதற்கான வரி சில நாள் கழித்துத்தான் சேர்ந்தது. பிப்ரவரி 2 அன்று, இலவச ஏபிஐ ஒரு வாரத்தில் நிற்கும் என்று அறிவித்தார்கள்; அது பிறகு தள்ளிப்போனது. தள்ளிப்போனதற்குள் எத்தனை பேர் தங்கள் வேலையைக் கைவிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் மனது கஷ்டப்படுகிறது.

30 நாள் ஏன் போதாது என்று உங்களில் சிலர் உண்மையாகவே கேட்கலாம். ஏபிஐயின் முகவரியையும், கடவுச்சொல் மாதிரியான கீயையும் மாற்றினால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாமே என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். நாங்கள் மாறிய கதையைச் சொல்கிறேன்.

முதலில் மாற்று ஏபிஐகள் மூன்றைச் சோதித்தோம். மூன்றும் எழுத்தைப் படித்தன. ஆனால் ஒவ்வொன்றும் தவறுகிற விதம் வேறு. பழைய ஏபிஐ, மங்கலான 8-ஐ 3 என்று படிக்கும். அதைப் பிடிக்க எங்களிடம் விதி இருந்தது. புதியது 8-ஐச் சரியாகப் படித்து, புள்ளியை விட்டுவிடும். 45.00 என்பது 4500 ஆகிவிட்டால் கணக்கு மென்பொருளில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தான் படித்ததில் எவ்வளவு நிச்சயம் என்று ஒவ்வொரு ஏபிஐயும் ஒரு மதிப்பெண் தரும், ஒன்றில் 0.9 என்றால் நம்பலாம், இன்னொன்றில் அதே 0.9-ஐ நம்ப முடியாது. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பல்லாயிரம் சோதனைப் படங்களை மறுபடி ஓட்டி, ஒவ்வொரு விதியாகத் திருத்தினோம். அதற்கே ஏழு வாரம்.

அப்புறம் ஒப்பந்தம். எங்கள் வாடிக்கையாளர்களின் ஆவணங்களை யார் யாருக்கு அனுப்புகிறோம் என்ற பட்டியல் ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்கிறது. அதில் புதிதாக ஒரு நிறுவனத்தைச் சேர்ப்பதென்றால் முன்கூட்டியே அறிவித்து, மறுப்பு இருந்தால் சொல்ல அவர்களுக்கு அவகாசம் தர வேண்டும். எங்கள் ஒப்பந்தங்களில் அந்த அவகாசம் 30 நாள். அதாவது உங்கள் மின்னஞ்சல் வந்த அதே நிமிடத்தில் மாற்றை முடிவுசெய்து, அடுத்த நிமிடம் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்திருந்தாலும்கூட, சட்டப்படி மாற முடிகிற நாளும் உங்கள் புதிய விலை அமலாகும் நாளும் ஒன்று. சோதனைக்கு ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பது விலையை முடிவுசெய்யும் கூட்டத்தில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

மொத்தத்தில் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் ஆண்டு வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையிலேயே சேவை கொடுத்தோம், நஷ்டத்தில். வாக்குக் கொடுத்துவிட்டோம், அதனால் கொடுத்தோம்.

அவகாசம் கொடுப்பது வியாபாரத்துக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பார்ஸ் என்ற சேவையை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. செயலிகளுக்குப் பின்னால் வேண்டிய டேட்டாபேஸ், பயனாளர் கணக்கு, அறிவிப்பு எல்லாவற்றையும் ஏபிஐயாகத் தந்த சேவை அது. 2016 ஜனவரியில் மூடப்போவதாகச் சொன்னார்கள்; மூடியது 2017 ஜனவரியில். ஒரு முழு வருடம். அதோடு நிற்காமல், டேட்டாவை வெளியே எடுத்துப்போகும் கருவியையும், அதே ஏபிஐயைச் சொந்த சர்வரில் ஓட்டிக்கொள்ளும்படி பார்ஸ் சர்வர் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல நிரலையும் வெளியிட்டார்கள். மூடியது வருத்தம்தான். ஆனால் மேலே கட்டியிருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. அந்த நிரல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இணையத்தில் பணம் வசூலிக்க உதவும் ஸ்ட்ரைப் நிறுவனம் ஏபிஐ பதிப்பின் பெயரிலேயே தேதியை வைக்கிறது. ஒரு கணக்கு எந்தப் பதிப்பில் தொடங்கியதோ, கணக்கு வைத்திருப்பவரே விரும்பி மேம்படுத்தும் வரை அந்தப் பதிப்பே அதற்குத் தொடர்ந்து ஓடும். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவில் மொழிபெயர்க்கும் அடுக்கை அவர்களே பராமரிக்கிறார்கள். அது சும்மா வருவதில்லை, ஆட்களும் பணமும் வேண்டும். அந்தச் செலவைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டதால்தான் எத்தனையோ பேர் பணம் வசூலிக்கும் பகுதியை ஒரு முறை எழுதிவிட்டு, வருடக்கணக்கில் தொடாமல் வேறு வேலை பார்க்கிறார்கள். நிரலுக்கு இவ்வளவு அக்கறை காட்ட முடிகிறது என்றால் விலைக்கும் காட்டலாம். தொடங்கிய நாளின் விலை, குறைந்தது ஒரு வருடத்துக்கு அந்தக் கணக்கோடு ஒட்டியிருக்கட்டும்.

எதிர்ப்பக்கத்தில் 2018-ன் கூகுள் மேப்ஸ் மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். 1,000 முறை வரைபடம் காட்ட 50 சென்ட் என்றிருந்தது 7 டாலர் ஆனது. நாளொன்றுக்கு 25,000 முறை இலவசம் என்றிருந்தது, மாதத்துக்குச் சுமார் 28,000 என்று சுருங்கியது. மே மாதத்தில் அறிவித்தார்கள், ஜூலையில் அமல். வரைபடம் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்த எத்தனையோ தளங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் பக்கம் போனது அப்போதுதான்.

சரி, இதுவரை சொன்னது விலை மாறும்போது நடப்பது. விலை மாறாமலே ஒரு இரவில் எங்களை மூழ்கடிக்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது: உச்சவரம்பு இல்லாத பில்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வந்திறங்கும் படங்களின் அளவைக் குறைக்கும் ஒரு ஃபங்ஷனை, அதாவது சின்ன நிரலை, கிளவுடில் ஏற்றினோம். படம் பக்கெட்டுக்குள் (கிளவுடில் கோப்புகளைப் போட்டு வைக்கும் இடம்) வந்ததும் அது தானாக ஓடும், குறைத்த படத்தைத் திரும்ப வைக்கும். எந்தப் பக்கெட்டில் என்பதில்தான் பிழை. வேறு பக்கெட்டில் வைக்க வேண்டியதை அதே பக்கெட்டில் வைத்தது. புதுப் படம் வந்துவிட்டது என்று மறுபடி ஓடியது, மறுபடி வைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் எழுத்துப் படிக்கும் ஏபிஐக்கும் ஒரு அழைப்பு போனது. பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருந்தோம். அந்த மின்னஞ்சல் விடியற்காலையில் வந்தது, செலவு நடந்து பல மணி நேரம் கழித்து. நாங்கள் எழுந்து நிறுத்தியபோது இரண்டு மாத வருமானம் போயிருந்தது. கேட்டுக்கொண்டதும் பாதித் தொகையைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த உதவியை மறக்கவில்லை. ஆனால் தள்ளுபடி கேட்டு மூன்று வாரம் காத்திருந்தபோது, அடுத்த மாதம் தொழில் இருக்குமா என்று எங்களுக்கே தெரியவில்லை.

பிழை எங்களுடையது. அதை யார் மேலும் போட மாட்டேன். நான் கேட்பது இதுதான்: இந்தத் தொகைக்கு மேல் ஒரு சென்ட்கூடச் செலவாகாமல் நிறுத்திவிடு என்று நான் சொல்ல ஒரு இடம் ஏன் இல்லை? பெரும்பாலான கிளவுட் சேவைகளில் பட்ஜெட் என்ற பெயரில் இருப்பது மணி அடிக்கும், கதவைச் சாத்தாது. எல்லாவற்றையும் நிறுத்தினால் வாடிக்கையாளரின் சேவையே படுத்துவிடும், சேமித்த டேட்டா போய்விடும் என்பது உங்கள் தரப்பு. பெரிய நிறுவனங்களுக்கு அது சரியாக இருக்கலாம். அவர்கள் வரம்பு வைக்க வேண்டாம். எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் இரவு சேவை படுப்பது தாங்கக்கூடியது, அந்த பில் தாங்க முடியாதது. சேமிப்பை விட்டுவிட்டு, புதிய அழைப்புகளையும் கணக்கீட்டு வேலைகளையும் மட்டும் நிறுத்தலாம். எதை நிறுத்துவது என்று எங்களையே தேர்ந்தெடுக்க விடலாம்.

இது முடியாத காரியமும் இல்லை. வேகத்துக்கு வரம்பு வைத்து, மீறினால் 429 என்று, அதாவது அழைப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று சர்வர் பதில் சொல்வது 2012-லேயே முறைப்படி எழுதிவைக்கப்பட்டுவிட்டது. பணம் தேவை என்று சொல்லும் 402 என்ற பதில் எண் அதற்கும் முன்பிருந்தே, 1990-களிலிருந்து, எதிர்காலத்துக்கென்று ஒதுக்கப்பட்டுக் காத்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகளின் ஏபிஐகள் சிலவற்றில் முன்பணம் தீர்ந்ததும் அழைப்பு நின்றுவிடும் முறை இருக்கிறது. அதை நம்பித்தான் மாணவர்கள்கூடப் பயமில்லாமல் தொடுகிறார்கள். ஃபங்ஷன்களை ஓட்டும் அமேசானின் லாம்ப்டா சேவை, 2023-லிருந்து சில சேவைகளுக்கு இடையே இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடும் வளையத்தைக் கண்டுபிடித்து, சுமார் 16 சுற்றில் நிறுத்துகிறது. அதைச் செய்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இன்னொரு நல்ல உதாரணமும் அவர்களிடமிருந்தே. 2024-ல் டெவலப்பர் ஒருவர், காலியாக, பூட்டி வைத்திருந்த தன் எஸ்3 (அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவை) பக்கெட்டுக்கு 1,300 டாலருக்கு மேல் பில் வந்ததை எழுதினார். ஒரு திறந்த மூலக் கருவியின் மாதிரி அமைப்பில் இருந்த பெயரும் அவர் வைத்த பக்கெட் பெயரும் தற்செயலாக ஒன்று. உலகெங்கிலுமிருந்து அந்தக் கருவி அவர் கதவைத் தட்டியது. ஒவ்வொரு தட்டலையும் எஸ்3 மறுத்தது, மறுத்ததற்கும் அவரிடமே காசு கேட்டது. சில வாரங்களில் அமேசான் அந்த விதியை மாற்றியது. வெளியாட்களின் அனுமதியில்லாத கோரிக்கைகளை மறுப்பதற்கு இனி பக்கெட்டின் சொந்தக்காரரிடம் கட்டணம் இல்லை. ஒருவர் எழுதியதைக் கேட்டு ஒரு விலை விதி மாறியது. இந்த மடலை எழுத எனக்குத் தைரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியேறும் கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் எஸ்3 வந்தபோது ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட், வெளியே அனுப்ப 20 சென்ட். இன்று வைத்திருக்க 2.3 சென்ட், வெளியே அனுப்ப முதல் படிநிலையில் 9 சென்ட். உள்ளே இருப்பது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வெளியே போவது பாதிக்குச் சற்றுக் கீழே மட்டும்தான் இறங்கியது. மொத்தமாக விட்டுப்போகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று 2024-ல் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும் அடுத்தடுத்து அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம், மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அடியோடு நிறுத்தச் சொல்கிறது. நல்லது. ஆனால் இரண்டு இடத்திலும் கால் வைத்துக்கொண்டு தினமும் டேட்டாவை நகர்த்தி வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் எதுவும் மாறவில்லை. எங்களைப் போல் ஒருவரின் கிளவுடையும் இன்னொருவரின் ஏபிஐயையும் சேர்த்துத் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் அந்த வகைதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்கு உங்களுக்குப் பெரிய செலவும் ஆகாது. விலையை மாற்றும் முன், எங்கள் கணக்கின் கடந்த ஆறு மாதப் பயன்பாட்டைப் புதிய விலையில் கணக்கிட்டு, எங்கள் டேஷ்போர்டிலேயே காட்டுங்கள். பழைய பில் இவ்வளவு, அதே வேலைக்குப் புதிய பில் இவ்வளவு என்று இரண்டு எண். டேட்டா எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. எங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இந்த இரண்டு எண்ணும் இருந்திருந்தால் பாதி இரவு கணக்குப் போட்டிருக்க வேண்டாம். உங்கள் பக்கத்திலும், நான்கு மடங்கு ஆகப்போகும் கணக்குகள் எத்தனை என்பது அனுப்புவதற்கு முன்பே யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

ஒரு ஏபிஐ முகவரி எந்தத் தேதியில் மூடப்படும் என்பதை ஒவ்வொரு பதிலோடும் சேர்த்து அனுப்ப சன்செட் என்றொரு ஹெடர் (பதிலின் தலையில் போகும் ஒரு குறிப்பு) இருக்கிறது. 2019-ல் ஆர்எஃப்சி 8594 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. அதைப் படிக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எங்களிடம் தினமும் ஓடுகிறது. விலைக்கும் அப்படி ஒன்று இருந்தால் முதல் ஆளாக அதையும் படிப்போம்.

எங்கள் விலைப்பக்கத்தில் போன வருடம் ஒரு வரி சேர்த்தோம்: இந்த விலை எந்தத் தேதி வரை மாறாது, மாறுவதென்றால் 12 மாதம் முன்னால் சொல்வோம் என்று. அதைச் சேர்த்த பிறகு ஆண்டு ஒப்பந்தம் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அடுத்த மாதம் பழைய வாடிக்கையாளர்கள் சிலருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. அவர்களுக்கான விலையை எழுத உங்கள் விலைப்பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சேவைக்கும் எண் இருக்கிறது. அது எந்தத் தேதி வரை என்பது எங்கும் இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஏபிஐயின் மேல் இன்னொரு ஏபிஐயைக் கட்டி நடத்தும் இருவரில் ஒருவர்